ஐந்து சனிக்கிழமைகளும் ஒரு டின் ரப்பர் கொட்டையும்: சுங்கை சிப்புட் மாடி வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றின் மேல்மாடியில், பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடக்கும் அறையில், பணி ஓய்வு பெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர் பெரியவர்களுக்கென்று ஐந்து சனிக்கிழமை மாலைகளில் ஒரு பாடம் நடத்துகிறார். அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளும் அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் தேசிய மாநாட்டுக்கு மாநிலந்தோறும் பேராளர்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்பதே பாடத்தின் பொருள். கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்). கையேடும், மாலைக்கு ஒரு தே தாரேக் தேநீரும் அதில் அடங்கும். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இதற்கு யார் வருவார் என்று கேட்டவர்கள் உண்டு. முதல் மாலையில் 17 பேர் இருந்தோம். ஐந்தாம் மாலையில் 15 பேர் மிஞ்சினோம். விட்டுப் போன இருவரில் ஒருவருக்கு அந்த நாள்களில் பேத்தியின் திருமணம்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் என் மருமகன். 2024 ஜூலை 21-இல் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகி, ஆகஸ்டு தொடக்கத்திலேயே கமலா ஹாரிஸ் வேட்பாளராக உறுதியானபோது, "மாமா, இந்த அம்மாவுக்கென்று எந்த மாநிலத்திலும் யாரும் வாக்களிக்கவில்லையே, பிறகு எப்படி?" என்று அவர் கேட்டார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் ஒரு கட்சிக் கிளைக்கு 11 ஆண்டுகள் செயலாளராகவும் இருந்து, பேராளர் பட்டியலை என் கையாலேயே தட்டச்சு செய்து அனுப்பியவன் நான். இருந்தும் அந்தக் கேள்விக்கு என்னால் ஒழுங்கான விடை சொல்ல முடியவில்லை. ஆகவே இந்த மதிப்புரையை, பேராளர் என்ற சொல்லின் மேல் ஏற்கெனவே கொஞ்சம் கசப்பு உள்ள ஒருவருடையது என்று எடுத்துக்கொண்டு படிக்கவும்.

ஆசிரியரின் முறை எளிமையானது. மேசை மேல் பழைய மைலோ டின் ஒன்று நிறைய ரப்பர் கொட்டைகள் இருக்கும். ஒரு கொட்டை ஒரு பேராளர். மாநிலத்தின் பெயர் எழுதிய அட்டையைப் பரப்பி, வாக்கு விழுக்காட்டைக் கரும்பலகையில் எழுதி, கொட்டைகளை வேட்பாளர்களுக்குப் பங்கிடச் சொல்வார். முதல் மாலையில் இது பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. மூன்றாம் மாலையில், யாருக்கு எத்தனை கொட்டை என்று இரண்டு பெரியவர்கள் குரலை உயர்த்தும் அளவுக்கு அது நிஜமாகிவிட்டது.

முதல் மாலை வரலாற்றுக்கு உரியது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட, அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று மாநில வாக்காளர்கள் வாக்களிக்கும் தேர்தலில்கூட, இறங்காமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார் என்பதையும், சிக்காகோ மாநாட்டுக் கலவரத்துக்குப் பின் அமைந்த மக்கவர்ன்-ஃபிரேசர் ஆணையம் விதிகளை மாற்றியதால் 1972 முதல் பேராளர்களில் பெரும்பாலோர் வாக்காளர்களின் விருப்பத்தைப் பொறுத்தே அமையத் தொடங்கினார்கள் என்பதையும் அவர் தெளிவாகச் சொன்னார். இடையில் நம் மலேசியக் கட்சியான அம்னோவை ஒப்பிட்டார். சுமார் 2,500 மாநாட்டுப் பேராளர்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்த வழக்கத்தை அக்கட்சி 2009-இல் திருத்தி, 2013-இல் தொகுதிகள் தோறும் சுமார் 146,000 பேர் வாக்களிக்கும்படி செய்ததை நினைவூட்டி, கதவை அகலத் திறக்க வேண்டும் என்ற நெருக்கடி எல்லா ஊர்க் கட்சிகளுக்கும் ஒரு நாள் வருகிறது என்றார். ஒப்பீடு பொருத்தமே. ஆனால் அரை மணி நேரம் அதிலேயே நின்றுவிட்டதால் தேநீர் ஆறிவிட்டது.

அந்த மாலையின் கடைசிப் பகுதியைத்தான் நான் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டம் ஒன்றில் 18 ஆண்டுகள் இருந்து, அங்கே நேரக்கணக்கு எழுதுபவராகவும் வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்டு 31-இல் வாக்காளராகப் பதிந்துகொள்ளப் போனார். அந்தக் குற்றத்துக்காகத் தோட்டத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார். 1964-இல் ஜனநாயகக் கட்சியின் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில், கறுப்பின மக்களை ஒதுக்கிவிட்டு வந்த மிசிசிப்பிப் பேராளர் குழுவுக்குப் பதிலாகத் தங்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சிக் குழுவை அமர்த்த வேண்டும் என்று தகுதிச் சான்றுக் குழுவின் முன் அவர் சாட்சியம் சொன்னார். தொலைக்காட்சிகள் அதிலிருந்து திரும்பிவிட வேண்டும் என்பதற்காக அதிபர் ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டினார். கடைசியில் இரண்டு இடங்கள் தருகிறோம் என்றார்கள். அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதை அறிந்தவர்கள் நிரம்பிய அறை அது. யாரும் பேசவில்லை. பேராளர் என்பது வெறும் எண்ணிக்கை அல்ல, அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதே ஒரு போராட்டம் என்பதை, எந்த விதிப் புத்தகத்தையும் திறக்காமலேயே ஆசிரியர் எங்களுக்குக் காட்டினார்.

இரண்டாம் மாலை ஜனநாயகக் கட்சியின் கணக்கு. எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறை கட்டாயம். ஆனால் 15 விழுக்காட்டை எட்டாதவருக்கு ஒன்றும் இல்லை. அந்த வரம்பு மாநிலம் முழுமைக்கும் தனியாக, ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகப் பார்க்கப்படும். ஆறு பேராளர்கள் உள்ள ஒரு தொகுதியில் மூவர் 46, 40, 14 விழுக்காடு பெற்றதாக ஆசிரியர் எழுதினார். 14 பெற்றவர் நீக்கப்பட, மிச்ச 86-ஐ முழுமையாகக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது மூன்றுக்கு மூன்று என்று சமமாகப் பிரிந்தது. அடுத்து, நான்கு பேராளர் தொகுதியில் இருவர் மட்டும் மிஞ்சினால் மூன்றாவது கொட்டையைப் பெற 62.5 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஐந்து பேராளர் தொகுதியில் பாதிக்குச் சற்று மேல் இருந்தாலே மூன்று கிடைத்துவிடும். ஒரே அளவு வெற்றிக்கு ஓரிடத்தில் ஆதாயமும் வேறோரிடத்தில் வெறுங்கையும் கிடைப்பது இப்படித்தான். வேட்பாளர்கள் சில தொகுதிகளில் மட்டும் மாய்ந்து மாய்ந்து பிரசாரம் செய்வதன் இரகசியத்தை நான் அன்றுதான் கண்டேன். கணக்கில் பலவீனமானவர்களுக்காக ஆசிரியர் மூன்று முறை திரும்பச் செய்து காட்டியது பாராட்டுக்குரியது.

மூன்றாம் மாலை குடியரசுக் கட்சி. வகுப்பின் உச்சம் இதுவே. அக்கட்சி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொதுவாக 10 பேராளர்கள், ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் 3 பேராளர்கள், மாநிலக் கட்சித் தலைவரோடு தேசியக் குழு உறுப்பினர் இருவர், இவற்றோடு முந்தைய வெற்றிகளுக்கான கூடுதல் இடங்கள் என்று ஒதுக்குகிறது. 2024-இல் மொத்தம் 2,429 பேர். வெல்ல 1,215 வேண்டும். ஆனால் அந்த இடங்களை வேட்பாளர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதில் மாநிலங்களுக்குப் பெரிய அளவு சுதந்திரம் உண்டு. மார்ச் 15-க்கு முன் நடக்கும் தேர்தல்களில் வென்றவரே முழுவதையும் அள்ளக் கூடாது என்று பொது விதி இருந்தாலும், அதிலும் விலக்குகளும் சந்துபொந்துகளும் இருக்கின்றன.

இங்கே ஆசிரியர் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தார். அயோவாவில் 40 பேராளர்கள். குறைந்தபட்ச வரம்பே கிடையாது. 2024 ஜனவரியில் போட்டியாளர்களில் டிரம்புக்கு 20, டிசான்டிசுக்கு 9, நிக்கி ஹேலிக்கு 8, விவேக் ராமசாமிக்கு 3 கிடைத்தன. தென் கரோலினாவில் 50 பேராளர்கள்; 29 பேர் மாநில அளவில் முதலிடம் பெற்றவருக்கு, மீதி 21 பேர் ஏழு தொகுதிகளிலும் முதலிடம் பெற்றவருக்கு மும்மூன்றாக. பிப்ரவரியில் ஹேலி தம் சொந்த மாநிலமான அங்கே ஏறக்குறைய 40 விழுக்காடு வாக்குகள் பெற்றும், ஒரே ஒரு தொகுதியை வென்றதால் 3 பேராளர்களோடு நின்றார். டிரம்ப் 47 பேரை எடுத்துக்கொண்டார். அயோவாவில் 8 விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற ராமசாமிக்கும் 3. தென் கரோலினாவில் 40-ஐ நெருங்கிய ஹேலிக்கும் 3. மூன்று கொட்டைகளை இரண்டு அட்டைகளிலும் வைத்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனார். நல்லாசிரியர் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அறிந்தவர். பிறகு, அதே ஆண்டு விதிப்படி கலிஃபோர்னியாவில் ஒருவர் பாதிக்கு மேல் பெற்றால் 169 பேரும் அவருக்கே, ஃபுளோரிடாவில் முதலிடம் பெற்றாலே 125 பேரும் அவருக்கே என்று விரைந்து முடித்தார்.

இனிக் குறைகள். நான்காம் மாலையின் தலைப்பு "அந்தப் பேராளர் யார்?" என்பது. இந்த வகுப்பிலேயே மிக முக்கியமானது என்று நான் கருதும் பகுதிக்கு ஆசிரியர் ஒதுக்கியது மொத்தம் 50 நிமிடங்கள். அதிலும் மழை பெய்து, தகரக் கூரையின் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. எந்த வேட்பாளருக்கு எத்தனை இடம் என்பது ஒரு கேள்வி. அந்த இடங்களில் உட்காரும் மனிதர்கள் யார், அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது வேறொரு கேள்வி. கிளைச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தில்லுமுல்லு எப்போதும் இரண்டாவது கேள்வியில்தான் ஒளிந்திருக்கும். நான் இருந்த கட்சியில், மாநாட்டுக்கு முந்திய இரவு தொலைபேசியில் ஓர் அழைப்பு வரும். கிளைக் கூட்டத்தில் கைதூக்கித் தேர்ந்தெடுத்த பட்டியலில் இரண்டு பெயர்கள் மாறும். எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

அமெரிக்காவில் இந்த இரண்டாவது கேள்விக்கு மாநிலந்தோறும் விடை வேறு. ஆசிரியர் அவசரமாகச் சொல்லிச் சென்ற உதாரணங்களே எவ்வளவு சுவையானவை என்று பாருங்கள். 2016-இல் பென்சில்வேனியாவின் 71 குடியரசுக் கட்சிப் பேராளர்களில் 17 பேர் மட்டுமே மாநில வெற்றியாளருக்குக் கட்டுப்பட்டவர்கள். மற்ற 54 பேரை வாக்காளர்கள் தொகுதி வாரியாகப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அவர் எந்த வேட்பாளரை ஆதரிப்பவர் என்று வாக்குச்சீட்டில் இருக்காது. இல்லினாயில் அதே ஆண்டு, பேராளர் பெயருக்கு அருகிலேயே வேட்பாளரின் பெயர் அச்சாகியிருந்தது. டிரம்பின் ஆதரவாளர்கள் அவருடைய மூன்று பேராளர்களுக்கும் வாக்களித்தால் போதும். இருந்தும், வெளிநாட்டுப் பெயர்போல ஒலித்த பேராளர்களுக்கு, அதே வேட்பாளரின் மற்றப் பேராளர்களைவிடக் குறைவான வாக்குகளே விழுந்தன. இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா, "பேரைப் பார்த்துத் தள்ளி வைக்கிறது அங்கேயும் உண்டா, சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரம் தந்திருக்கலாம். ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

அடுத்த அட்டை கொலராடோ. 2016-இல் அங்கே குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளருக்கான வாக்கெடுப்பையே நடத்தாமல், பகுதிக் கூட்டங்களிலிருந்து மாவட்டம், தொகுதி, மாநில மாநாடு என்று படிப்படியாகப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தது. கூட்டங்களுக்கு ஆள் திரட்டுவதில் கெட்டிக்காரரான, டிரம்பின் போட்டியாளர் டெட் குரூசின் அணி அங்கே வாரிச் சுருட்டியது. வாக்கெடுப்பு நடந்த இடங்களிலும், டிரம்புக்குக் கட்டுப்பட்ட நாற்காலிகளில் குரூசை விரும்பும் கட்சிக்காரர்கள் மாநில மாநாடுகள் வழியாக அமர்ந்துகொண்டார்கள். மாநாட்டு வாக்கெடுப்பின் முதல் சுற்றில் அவர்கள் விதிப்படி டிரம்புக்கு வாக்களித்தாக வேண்டும்; யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இரண்டாம் சுற்று வந்திருந்தால் பலர் தம் மனம்போல வாக்களித்திருப்பார்கள். ஜனநாயகக் கட்சியில் இதற்கு ஒரு காப்பு உண்டு: தம் பெயரால் பேராளராக நிற்க விரும்புவோரின் பட்டியலைப் பார்த்து, நம்பிக்கை இல்லாதவரை நீக்கும் உரிமை வேட்பாளருக்கு இருக்கிறது. ஒவ்வொரு மாநிலக் குழுவிலும் ஆணும் பெண்ணும் சம அளவில் இருக்க வேண்டும் என்ற விதியும் அக்கட்சியில் உண்டு. இவை இரண்டும் கையேட்டில் ஒரே வரியில் முடிந்துவிட்டன.

டெக்சாஸ் கதையை மட்டும் அவர் சற்று நின்று சொன்னார். 2008-இல் அங்கே ஜனநாயகக் கட்சி பகலில் பிரைமரி நடத்தி, அன்று இரவே அதே வாக்காளர்களைக் காக்கஸ் எனப்படும் கட்சிக்காரர் கூட்டத்துக்கும் வரச் சொன்னது. பிரைமரியில் ஹிலரி கிளின்டன் வென்று 65 பேராளர்களையும் ஒபாமா 61 பேராளர்களையும் பெற்றனர். காக்கஸ் வழியில் ஒபாமாவுக்கு 38, ஹிலரிக்கு 29. வாக்குப்பெட்டியில் தோற்றவர் கூட்டிக் கழித்தபோது 99-க்கு 94 என்று முந்திவிட்டார். இந்த இரட்டை முறை 2016 முதல் இல்லை. ஆனால் கையேட்டில் அது இன்றும் நடைமுறையில் இருப்பதுபோல எழுதப்பட்டிருக்கிறது, திருத்த வேண்டும்.

கையேட்டைப் பற்றி இன்னும் இரண்டு. சிறப்புப் பேராளர்கள், அதாவது யாரும் தேர்ந்தெடுக்காமல் பதவியின் காரணமாகவே மாநாட்டுக்கு வரும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும், 2018-க்குப் பின் வாக்களிக்கவே முடியாது என்று 9-ஆம் பக்கம் சொல்கிறது. இது பிழை. போட்டி முடிவாகாத நிலையில் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது. இரண்டாம் சுற்று முதல் முடியும். நான் எழுந்து சொன்னபோது ஆசிரியர் அமைதியாகக் கேட்டு, எல்லோருடைய கையேட்டிலும் பேனாவால் திருத்தச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைக்கே தனியாக ஒரு மதிப்பெண் தரலாம். மற்றொன்று கலைச்சொல். பிரைமரிக்கு "முன்னோட்டத் தேர்தல்" என்று எழுதியிருக்கிறார். முன்னோட்டம் என்றால் எங்களுக்குத் திரைப்படம்தான் நினைவுக்கு வருகிறது. பேச்சில் அவரே பிரைமரி, காக்கஸ் என்றுதான் சொல்கிறார். அச்சிலும் அப்படியே விட்டுவிடலாம்.

ஐந்தாம் மாலை, மாநில அரசும் கட்சியும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றியது. பிரைமரியின் தேதியைப் பெரும்பாலும் மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. அதன் முடிவை ஏற்பதா வேண்டாமா என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. 2008-இல் ஃபுளோரிடாவும் மிச்சிகனும் தேதியை முன்தள்ளியதால் ஜனநாயகக் கட்சி அவற்றின் பேராளர்கள் அனைவரையும் பறித்து, பின் மே 31-இல் ஆளுக்கு அரை வாக்கு என்று திருப்பித் தந்து, மாநாட்டில் முழுமையாக ஏற்றுக்கொண்டது. 2024-இல் நெவாடாவில் மாநிலம் பிப்ரவரி 6-இல் பிரைமரி நடத்த, குடியரசுக் கட்சி 8-ஆம் தேதி தனியாகக் காக்கஸ் நடத்தி, 26 பேராளர்களும் காக்கஸில் மட்டுமே கிடைப்பார்கள் என்றது. டிரம்ப் காக்கஸுக்குப் போனார். பிரைமரிச் சீட்டில் டிரம்ப் இல்லாதபோதும் ஹேலி, "இவர்களில் யாரும் இல்லை" என்ற கட்டத்திடம் தோற்றார். வென்றிருந்தாலும் அவருக்கு ஒரு பேராளர்கூடக் கிடைத்திருக்கமாட்டார். இதைக் கேட்டு வகுப்பு சிரித்த சிரிப்பு கீழே உள்ள சாப்பாட்டுக் கடை வரை கேட்டிருக்கும். மிச்சிகனில் அதே ஆண்டு குடியரசுக் கட்சியின் 55 பேராளர்களில் 16 பேர் மட்டுமே பிரைமரி வழியாக; மற்ற 39 பேர் சில நாள்கள் கழித்துக் கட்சிக்காரர்கள் கூடிய கூட்டத்தில்.

என் மருமகனின் கேள்விக்கு விடை கடைசி அரை மணியில் கிடைத்தது. ஜனநாயகக் கட்சியின் பேராளர்கள், தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் உணர்வை நல்மனச்சாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. இரும்புச் சங்கிலி ஏதும் இல்லை. பைடன் விலகியதும் அவருக்கென்று தேர்வான பேராளர்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உடையவர்களாகி, ஆகஸ்டு 5 வரை நடந்த இணையவழி வாக்கெடுப்பில் ஹாரிசைத் தேர்ந்தெடுத்தார்கள். சிக்காகோ மாநாடு அதன் பிறகு 19-ஆம் தேதிதான் தொடங்கியது. வாக்காளர்கள் பைடனுக்குப் போட்ட வாக்கு, பேராளர் என்ற ஆளின் வழியாக ஹாரிசைச் சென்று சேர்ந்தது. ஆசிரியர் டின்னைக் கவிழ்த்து, எல்லாக் கொட்டைகளையும் ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்கு ஒரே கையால் நகர்த்திக் காட்டினார். காட்சி நன்றாகவே இருந்தது. ஆனால் கொட்டை தானாக நகராது, மனிதர்தான் முடிவெடுத்து நகர்கிறார் என்பதை நான்காம் மாலையில் ஊன்றிக் காட்டியிருந்தால் இது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

நாற்காலிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டிலிருந்து தலையணை கொண்டு போகலாம். மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. ஐந்து மாலையும் அறிவித்த நேரத்தைத் தாண்டியே முடிந்தன. கடைசிப் பேருந்தை நம்பி வருகிறவர்கள் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவைப்பது நல்லது. தேநீர் முதல்தரம். 50 வெள்ளிக்கு இது மிகையான விலை அல்ல. தேர்தல் செய்திகளை ஏதோ குதிரைப் பந்தயம்போலப் பார்த்து வந்த எனக்கு, யார் வென்றார் என்பதற்கு முன் எந்த விதியில் வென்றார் என்று கேட்கும் பழக்கம் இந்த ஐந்து வாரத்தில் வந்துவிட்டது.

அடுத்த சுற்றில் நான்காம் மாலையை இரண்டாகப் பிரிக்கும்படி ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு மாலைகளுக்கு மட்டும் மீண்டும் வர அனுமதித்தால் 20 வெள்ளி தருவதாகவும் சொன்னேன். "கிளைச் செயலாளரா இருந்தவங்களுக்கு இலவசம், ஆனா அந்த ரெண்டு மாலையும் நீங்கதான் பாடம் நடத்தணும்," என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.